சைட்லிங்க் வரவில்லையா, தப்பாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

தளத்தின் பெயரை கூகுளில் போட்டால், சில தளங்களுக்கு மட்டும் முதல் முடிவுக்குக் கீழேயே ‘கட்டணம்’, ‘பாடத்திட்டம்’, ‘தொடர்புக்கு’ என்று உள்பக்க இணைப்புகள் தனியாக வந்து நிற்கும். சில நேரம் விளக்க வரியோடு பெரிதாக வரும், சில நேரம் ஒற்றை வரியில் நாலைந்து சொற்களாக ஒடுங்கிவிடும். அதுதான் சைட்லிங்க். பிங்கில் டீப் லிங்க் என்பார்கள். கீழே சொல்வதெல்லாம் கூகுளை வைத்துத்தான்.

எந்தப் பக்கம் வரவேண்டும் என்று நாம் டிக் அடித்துச் சொல்ல வழி கிடையாது. கூகுளின் நிரல்தான் தளத்தின் இணைப்பு அமைப்பை அலசி, தேடுபவருக்கு நேரம் மிச்சமாகும் என்று பட்டால் மட்டும் காட்டுகிறது. அதற்காக நம் கையில் ஒன்றுமே இல்லை என்று உட்கார வேண்டியதில்லை. அது அலசுவதே நாம் போட்டு வைத்த மெனுவையும் இணைப்புச் சொற்களையும் தலைப்புகளையும்தான். அதனால் சைட்லிங்கில் தெரிகிற கோளாறுக்குப் பெரும்பாலும் தளத்துக்குள்ளேயே காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

சோதிக்கும்போது லாகின் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் பாருங்கள். போன், கணினி இரண்டிலும் பாருங்கள், இரண்டிலும் ஒரே மாதிரி வராது. அப்புறம், மேலே ‘விளம்பரம்’ அல்லது ‘ஸ்பான்சர்ட்’ என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். விளம்பரத்துக்குக் கீழே வரும் சைட்லிங்க் வேறு கதை. அதை விளம்பரக் கணக்கில் காசு கட்டுகிறவர்கள் தாங்களே எழுதிச் சேர்க்கிறார்கள். போட்டியாளரின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ‘அவர்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு அழகாக வருகிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

## தளம் முதலிடத்தில் வருகிறது, கீழே ஒரு இணைப்புகூட இல்லை

அதிகம் பேர் கேட்பது இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதலில் கோளாறு தேடல் சொல்லிலா, தளத்திலா என்று பிரித்துவிடுங்கள். தளத்தின் பெயரை மட்டும் தேடிப் பாருங்கள். பிறகு டாட் காம் வரை முழு முகவரியைத் தேடிப் பாருங்கள். முகவரிக்கு சைட்லிங்க் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் உங்கள் தள அமைப்பில் பெரிய குறை இல்லை, பெயர்தான் பொதுச்சொல்லாக இருக்கிறது. ‘பசுமை’ என்று ஒரு தளம் இருந்தால், அந்தச் சொல்லைத் தேடுகிற எல்லோருமா அந்தத் தளத்தைத் தேடி வருகிறார்கள்? ஆள் எங்கே போக நினைக்கிறார் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் அந்தத் தளத்தின் உள்பக்கங்களை விரித்துக் காட்டுவதில் பொருள் இருக்கிறது. இதற்கு உடனடி மருந்து இல்லை. முகப்புப் பக்கத்தின் டைட்டில் (பிரவுசர் டேபில் தெரியும் தலைப்பு), லோகோவின் ஆல்ட் சொல் (படத்தை விவரிக்க நிரலில் எழுதுவது), சமூக ஊடகக் கணக்குகள் எல்லாவற்றிலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள், முடிந்தால் பெயரோடு துறையையும் சேர்த்து.

இரண்டு தேடலிலும் வரவில்லையென்றால் மெனுவுக்குப் போங்கள். தளத்தைத் திறந்து, மெனுவில் ‘கட்டணம்’ என்ற சொல்லின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள், பக்கத்தின் நிரல் திறக்கும். அந்தச் சொல்லைச் சுற்றி ஏ டேக் (இணைப்பு போடும் ஹெச்டிஎம்எல் குறி) இருந்து, அதன் ஹெச்ரெஃப்பில் (இணைப்பு போகும் முகவரியை எழுதும் இடம்) பக்கத்தின் முகவரி இருந்தால் சரி. டிவ், ஸ்பான், பட்டன் என்று வேறு ஏதாவது குறியில் ஆன்கிளிக் எனும் ‘தட்டினால் ஓடு’ கட்டளையைக் கட்டி ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பக்கத்தை மாற்றுகிற மெனுவாக இருந்தால் அங்கேதான் சிக்கல். நாம் தட்டினால் பக்கம் மாறுகிறது, ஆனால் பக்கங்களைப் படித்துப் போகும் கூகுளின் நிரலான கூகுள்பாட் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. ஹெச்ரெஃப்பில் முகவரி இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அந்தச் சொல் அதற்கு வெறும் எழுத்து. ஹெச்ரெஃப் இருக்கிறது, ஆனால் அதில் ஹாஷ் குறியும் (#) ஒரு சொல்லும் மட்டும்தான் என்றாலும் இதே கதி. ஹாஷுக்குப் பின்னால் வருவதைத் தனிப் பக்கமாக அது கணக்கில் வைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே நீளப் பக்கத்தில் அடுக்கி, மெனுவைத் தட்டினால் கீழே உருண்டு போகிற வடிவமைப்பில் தளம் கட்டியிருந்தால், உள்பக்கம் என்று காட்ட கூகுளுக்கு எதுவுமே இல்லை. அந்த வடிவமைப்பை எவ்வளவு ரசித்தாலும் சரி, முக்கியமான மூன்று நான்கு விஷயங்களையாவது தனித்தனிப் பக்கமாகப் பிரித்தே ஆகவேண்டும்.

பிரவுசரில் இன்ஸ்பெக்ட் செய்து பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். கூகுள் இப்போது தளங்களைப் பார்ப்பது மொபைல் கண்ணோடுதான். சர்ச் கன்சோலில் (தள உரிமையாளருக்கு கூகுள் தரும் கருவி) யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் முகப்பு முகவரியைக் கொடுத்து, கிரால் செய்யப்பட்ட, அதாவது கூகுள்பாட் வந்து படித்துப்போன, பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லைத் திறந்து, அதற்குள் ‘கட்டணம்’ என்று தேடுங்கள். மூன்று கோடு மெனுவுக்குள் ஒளிந்திருந்தாலும் ஹெச்டிஎம்எல்லில் இணைப்பு இருந்தால் போதும், பாதகமில்லை. அந்த மூன்று கோட்டைத் தட்டினால்தான் இணைப்புகளே சர்வரிலிருந்து இறங்கி வருகின்றன என்றால் கூகுளுக்கு அவை தெரியாது. கணினியில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று குழம்பி நிற்கிற பல தளங்களில் ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

மெனுவும் சரி என்றால் சர்ச் கன்சோலில் ‘லிங்க்ஸ்’ அறிக்கையைத் திறந்து, இன்டர்னல் லிங்க்ஸ் பட்டியலைப் பாருங்கள். உங்கள் தளத்துக்குள்ளேயே எந்தப் பக்கத்துக்கு எத்தனை இணைப்பு போகிறது என்று அதில் வரிசையாக இருக்கும். நீங்கள் முக்கியம் என்று நினைக்கும் பக்கம் எங்கோ அடியில் கிடந்து, ‘பயன்பாட்டு விதிமுறைகள்’ பக்கம் மேலே உட்கார்ந்திருந்தால், எந்தப் பக்கத்துக்கு எடை கொடுக்கிறோம் என்று உங்கள் தளமே கூகுளிடம் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபுட்டரில் (பக்கத்தின் அடிப்பகுதி) அறுபது இணைப்புகளை அடைத்து வைத்திருக்கும் தளங்களில் இது கட்டாயம் நடக்கும். அறுபது பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொல்வதும் காதில் விழாது. முகப்பின் மேல் மெனுவில் ஐந்திலிருந்து எட்டு வரை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அந்தந்தப் பிரிவுப் பக்கத்துக்குள் தள்ளுங்கள் என்பது என் யோசனை. கூகுள் இப்படி ஒரு எண்ணைச் சொல்லவில்லை, ஆனால் வந்து படிக்கிற மனிதருக்கும் அதற்கு மேல் மெனு மனதில் நிற்காது. கட்டுரைகளுக்கு நடுவே, பொருத்தமான இடத்தில், முக்கியப் பக்கத்துக்கு இணைப்பு கொடுப்பதும் நல்ல பலன் தரும். அந்த இணைப்பின் சொல் ‘இங்கே சொடுக்கவும்’ என்று இருந்தால் மட்டும் பிரயோஜனம் இல்லை.

அந்தப் பக்கங்கள் இன்டெக்ஸில் (கூகுளின் தேடல் பட்டியல்) இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் ‘கூகுளில் இல்லை’ என்று சொன்னால் முதலில் அதைத் தீர்க்கவேண்டும், சைட்லிங்க் அப்புறம். கேனானிக்கல் டேக் (ஒரே மாதிரிப் பக்கங்களில் எது அசல் என்று சொல்லும் வரி) தவறுதலாக எல்லாப் பக்கத்திலும் முகப்பைச் சுட்டிக்கொண்டிருந்தால், உள்பக்கமெல்லாம் முகப்பின் நகல் என்று நீங்களே அறிவித்ததாகிவிடும். டெம்ப்ளேட்டில் ஒரு வரி பிசகினால் தளம் முழுக்க இது வந்துவிடும்.

சைட்லிங்க் வரவைக்க ஸ்கீமா (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு நிரல்) போடுங்கள் என்று சொல்வதைப் பரவலாகக் கேட்கலாம். மெனுவுக்கான சைட்நேவிகேஷன்எலிமென்ட் ஸ்கீமா போட்டால் சைட்லிங்க் வரும் என்று கூகுளின் ஆவணங்களில் எங்கும் இல்லை. வெப்சைட் ஸ்கீமா தளத்தின் பெயர் சரியாகத் தெரிய உதவும், பிரெட்கிரம்ப் (தளத்துக்குள் பக்கம் இருக்கும் பாதை) ஸ்கீமா அதன் வேலையைச் செய்யும், இரண்டையும் தாராளமாகப் போடுங்கள், ஆனால் சைட்லிங்குக்காகப் போடாதீர்கள். எக்ஸ்எம்எல் சைட்மேப்பில் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) பிரயாரிட்டி 1.0 என்று கொடுத்தால் அந்தப் பக்கம் மேலே வரும் என்பதும் அப்படித்தான். பிரயாரிட்டி மதிப்பைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

## வருகிறது, ஆனால் வேண்டாத பக்கம் வருகிறது

தனியுரிமைக் கொள்கை, லாகின், பழைய அறிவிப்பு, ‘பொது’ என்ற பெயரில் ஒரு கேட்டகரிப் பக்கம். முன்பெல்லாம் சர்ச் கன்சோலில் டிமோட் என்று ஒரு வசதி இருந்தது, இந்தப் பக்கம் சைட்லிங்கில் வேண்டாம் என்று சொல்லலாம். 2016 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இன்றும் அந்த மெனுவைத் தேடச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் படித்து நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

அந்தப் பக்கம் உண்மையிலேயே வேண்டாததா என்று முதலில் யோசியுங்கள். தளத்தின் பெயரைத் தேடுகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு வேண்டியதே லாகின் பக்கம்தான். ‘எங்கள் சாதனைகள்’ பக்கம் வரவேண்டும் என்று நிர்வாகம் ஆசைப்படலாம். வருகிறவர் தேடுவது அதை அல்ல. சைட்லிங்க் தேடுபவருக்கானது, இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்பதுதான் சரி.

இல்லை, கட்டாயம் போகவேண்டும் என்றால் மென்மையான வழியில் தொடங்குங்கள். அந்தப் பக்கத்துக்குப் போகும் உள் இணைப்புகளைக் குறையுங்கள். எல்லாப் பக்கத்திலும் வரும் மெனுவிலிருந்து எடுத்து, தேவையான ஓரிரு இடங்களில் மட்டும் விடுங்கள். அதே நேரத்தில், அதன் இடத்தில் வரவேண்டிய பக்கத்துக்கு இணைப்பைக் கூட்டுங்கள். ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றைத் தூக்கி நிறுத்தாவிட்டால், காலியான இடத்தில் அடுத்த வேண்டாத பக்கம் வந்து உட்காரும்.

கடைசி ஆயுதம் நோஇண்டெக்ஸ், ‘இதைத் தேடலில் சேர்க்காதே’ என்று பக்கத்தின் நிரலில் எழுதும் மெட்டா டேக். இதைப் போட்டால் பக்கம் சைட்லிங்கிலிருந்து மட்டும் போகாது, கூகுள் தேடலிலிருந்தே மொத்தமாகப் போய்விடும். தளத்தின் பெயரோடு லாகின் என்று சேர்த்துத் தேடுகிறவருக்கும் கிடைக்காது. நன்றி தெரிவிக்கும் பக்கம், உள்தேடல் முடிவுப் பக்கம், ஒரே ஒரு பதிவு உள்ள டேக் பக்கம் போன்றவற்றுக்குத் தயங்காமல் போடலாம். வேண்டாதது பிடிஎஃப் கோப்பாக இருந்தால் அதற்குள் மெட்டா டேக் எழுத வழியில்லை, சர்வர் அனுப்பும் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் ஹெட்டரில் நோஇண்டெக்ஸ் கொடுக்கவேண்டும்.

இதில் பலரும் கால் இடறும் இடம் ஒன்று உண்டு. நோஇண்டெக்ஸும் போட்டு, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று ரோபாட்ஸ் டாட் டெக்ஸ்ட்டிலும் (எங்கே நுழையக்கூடாது என்று கூகுள்பாட்டுக்குச் சொல்லும் கோப்பு) அந்த முகவரியை டிஸ்அலவ் செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் கூகுள்பாட் பக்கத்துக்குள் நுழையவே முடியாது, நுழையாமல் நோஇண்டெக்ஸைப் படிக்க முடியாது, பக்கம் தேடலில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், அதுவும் விளக்க வரி இல்லாமல். டிஸ்அலவை எடுத்துவிடுங்கள், கூகுள்பாட் உள்ளே வந்து நோஇண்டெக்ஸைப் பார்க்கட்டும்.

அவசரமாக மறைக்கவேண்டிய பக்கம் என்றால் சர்ச் கன்சோலில் ரிமூவல்ஸ் கருவி இருக்கிறது, சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் அது சுமார் ஆறு மாதத்துக்குத்தான். அதற்குள் நிரந்தர ஏற்பாட்டைச் செய்யாவிட்டால் பக்கம் திரும்ப வந்துவிடும்.

## பக்கம் சரி, பெயர்தான் கோணலாக வருகிறது

‘கட்டணம்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘முகப்பு’ என்றோ, தளத்தின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டோ வரும். கூகுள் ஒரு பக்கத்துக்குப் பெயர் வைக்கும்போது டைட்டில் டேக்கை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தின் பெரிய தலைப்பு, அதற்கு வரும் இணைப்புகளின் சொற்கள் என்று பலவற்றைப் பார்க்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தேடல் முடிவுகளின் தலைப்பு உருவாகும் முறையை மாற்றியபின் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது.

எனவே மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். டைட்டிலில் ‘நிறுவனத்தின் முழுப்பெயர், ஊர், விருது, கட்டணம்’ என்று வால் பக்கம் விஷயத்தை வைத்திருக்கிறீர்கள், ஹெச்1-இல் (பக்கத்தின் பெரிய தலைப்பு) ‘வணக்கம், வருக’ என்று இருக்கிறது, மெனுவில் ‘மேலும்’ என்று இருக்கிறது. இதில் எதை எடுத்துப் பெயர் வைப்பது? ‘கட்டணம்’ என்பதை டைட்டிலின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், ஹெச்1 ‘கட்டண விவரம்’ ஆகட்டும், மெனுவில் ‘கட்டணம்’ என்றே இருக்கட்டும். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொன்னால் குழப்பம் தீரும். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் கொடுத்திருக்கும் தளங்களில் பெயர் தப்பாக வருவது மட்டுமல்ல, சைட்லிங்கே வராமல் போவதற்கும் அது காரணமாகலாம்.

பெயருக்குக் கீழே வரும் விளக்க வரி கோணலாக இருந்தால், அந்தப் பக்கத்துக்குத் தனியாக மெட்டா டிஸ்கிரிப்ஷன் (பக்கச் சுருக்கம்) எழுதுங்கள். குக்கீ அறிவிப்பின் வாசகம் அங்கே வந்து நின்றால், அந்தப் பகுதிக்கு டேட்டா-நோஸ்னிப்பெட் (விளக்க வரிக்கு இதை எடுக்காதே என்ற குறி) கொடுத்துவிடுங்கள்.

## தட்டினால் 404

404 என்றால் ‘பக்கம் இல்லை’ என்று சர்வர் சொல்வது. தளத்தைப் புதுப்பித்து முகவரிகளை மாற்றிய பிறகு வருவது இது. பழைய முகவரியிலிருந்து அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) கொடுங்கள். எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள், கூகுள் அதை ரீடைரக்ட் என்று மதிக்காமல் சாஃப்ட் 404 (இல்லாத பக்கத்துக்குச் சமம்) என்று ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். பக்கத்துக்கு மாற்றே இல்லையென்றால் 404 அல்லது 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) அப்படியே இருக்கட்டும், மறுபடி கிரால் செய்தபின் போய்விடும். தளத்துக்குள் பழைய முகவரிக்கு எங்காவது இணைப்பு மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் துருவிப் பாருங்கள், ஃபுட்டரில் ஒன்றிரண்டு நிச்சயம் ஒளிந்திருக்கும்.

## வேறு மொழிப் பக்கம், சோதனைத் தளம் வந்து நிற்கிறது

தமிழில் தேடினால் ஆங்கிலப் பக்கங்கள் வருகின்றன என்றால் ஹெச்ரெஃப்லாங் (ஒரு பக்கத்தின் வேறு மொழி வடிவம் எது என்று சொல்லும் குறி) ஜோடிகளைச் சரிபாருங்கள். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டவேண்டும், ஆங்கிலப் பக்கமும் திரும்பத் தமிழைச் சுட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டினால் கூகுள் அதைப் புறக்கணித்துவிடும். தமிழ் முகப்பின் மெனு தமிழ்ப் பக்கங்களுக்குப் போகிறதா என்பதையும் பாருங்கள். மெனுவின் சொற்களை மட்டும் தமிழாக்கி, இணைப்புகளை ஆங்கிலப் பக்கங்களுக்கே விட்டிருப்பது சர்வ சாதாரணம்.

சோதனைக்காகக் கட்டிய சப்டொமைன் (துணை முகவரி) தேடலில் வந்தால் அதற்குக் கடவுச்சொல் பூட்டுப் போடுங்கள். வேறெதுவும் அவ்வளவு உறுதியானது இல்லை.

## தளத்துக்குள் தேடும் பெட்டி காணாமல் போய்விட்டது

சைட்லிங்குகளோடு சேர்ந்து வந்த தேடல் பெட்டியை 2024 நவம்பர் 21 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. உங்கள் தளத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அதற்காகப் போட்ட ஸ்கீமாவை எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி.

## போன வாரம் ஆறு, இந்த வாரம் நான்கு

சாதனம், தேடல் சொல், இடம் என்று பலவற்றைப் பொறுத்து எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். முழுக்க மறைந்து, வாரக்கணக்கில் திரும்பாமல் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போது முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போய், சமீபத்தில் மெனுவையோ, தீம் எனும் தள வடிவமைப்பையோ யாராவது மாற்றினார்களா என்று விசாரியுங்கள்.

## கட்டுரைக்குக் கீழே, அதே பக்கத்தின் பாகங்களுக்கு இணைப்பு வருகிறது

இது நல்ல விஷயம். நீளமான கட்டுரையில் துணைத்தலைப்புகளுக்கு ஐடி (நிரலில் வைக்கும் அடையாளப் பெயர்) கொடுத்து, மேலே உள்ளடக்கப் பட்டியல் வைத்து அங்கிருந்து இணைத்திருந்தால், அந்தந்தப் பாகத்துக்கு நேராகப் போகும் இணைப்புகளை கூகுள் காட்டலாம். ஹாஷ் முகவரியைத் தனிப் பக்கமாகக் கருதாது என்று முன்னே சொன்னதற்கு இது முரண் அல்ல. பக்கம் ஒன்றுதான், அதற்குள் எங்கே போய் இறங்குவது என்பதை மட்டும் ஹாஷ் சொல்கிறது. வரவேண்டும் என்றால் துணைத்தலைப்புகளைத் தெளிவாக எழுதுங்கள், ‘பகுதி 1’, ‘பகுதி 2’ என்று விடாதீர்கள்.

## சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் எகிறியிருக்கிறது, கிளிக் ஏறவில்லை

தனியுரிமைக் கொள்கைப் பக்கம் முதலிடத்தில் இருப்பதாக அறிக்கை சொல்கிறது, ஒரு கிளிக்கும் இல்லை. பயப்படாதீர்கள். சைட்லிங்காகக் காட்டப்பட்ட பக்கங்களுக்கும் இம்ப்ரெஷன் (தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை) சேரும், அவை எந்த முடிவோடு சேர்ந்து வந்தனவோ அந்த முடிவின் இடமே இவற்றுக்கும் எழுதப்படும். இதை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் உங்கள் தளத்தின் பெயரைத் தேடல் சொல்லாக வடிகட்டி, பேஜஸ் பகுதிக்குப் போனால், எந்தெந்த உள்பக்கங்கள் அந்தப் பெயருக்குக் காட்டப்பட்டன, எதைத் தட்டினார்கள் என்று தெரிந்துவிடும். உங்கள் திரையில் என்ன வருகிறது என்று தேடித்தேடிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது.

## உங்களுடையதே அல்லாத பக்கங்கள் வருகின்றன

சைட்லிங்கில் புரியாத மொழி, மருந்து விற்பனை, சூதாட்டம் என்று ஏதாவது வந்தால் இதுவரை சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு இதை முதலில் கவனியுங்கள். தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் எழுதாத பக்கங்கள் கும்பலாக வந்தால் சந்தேகமே வேண்டாம். இப்படிப்பட்ட பக்கங்கள் நாம் நேரில் திறந்தால் 404 காட்டிவிட்டு, கூகுள்பாட்டுக்கு மட்டும் உள்ளடக்கத்தைக் காட்டுவதும் உண்டு. அதனால் பிரவுசரை நம்பாமல் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் அந்த முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். சர்ச் கன்சோலில் செக்யூரிட்டி இஷ்யூஸ் அறிக்கையையும், யூசர்ஸ் பட்டியலில் தெரியாத பெயர் ஏதும் உரிமையாளராகச் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த ஆளை நீக்கினால் மட்டும் போதாது, அவர் சரிபார்ப்புக்காக சர்வரில் வைத்த கோப்பையும் அழிக்கவேண்டும், இல்லையென்றால் மறுபடி உள்ளே வருவார். கடவுச்சொற்களை மாற்றி, ப்ளகின்களைப் புதுப்பித்து, தாக்குதலுக்கு முந்தைய சுத்தமான பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்டு, புகுந்த வழி எதுவோ அதை அடைத்த பிறகு, செக்யூரிட்டி இஷ்யூஸில் எச்சரிக்கை இருந்தால் அங்கேயே ரிவ்யூ கேளுங்கள்.